கண்டிப் பெருந்தெருவில் குதிரைத் தபால்

கண்டி மாநகரிலிருந்து கொழும்புக்கு ஒரு செய்தியை அனுப்ப இன்று நமக்கு ஒரு கணமே போதும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே செய்தி காட்டையும் ஆற்றையும் மலையையும் தாண்டி, மனிதன் ஒருவனுடைய காலோடு நடந்து செல்லவேண்டியிருந்தது. இவ்விரு காலங்களுக்கும் இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள், 1832ஆம் ஆண்டு தொடக்கம் 1867ஆம் ஆண்டு வரை, கொழும்பு - கண்டிப் பெருந்தெருவிலே குதிரைகள் தபாலை இழுத்துக்கொண்டு ஓடின. ஆசியாக் கண்டத்திலேயே முதலாவது தபாற் குதிரை வண்டிச் சேவை இதுவே என்று கூறப்படுகின்றது. நாம் நாள்தோறும் பேருந்தில் ஏறி இறங்கும் கடுகண்ணாவை ஏற்றத்துக்கு இத்தகைய பெருமை உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். அவ்வரலாற்றையும், அதில் நம்மவர்க்குக் கிடைத்த பங்கையும், கிடைக்காத பங்கையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

மறைவழிகளின் நாடு

கண்டி இராச்சியம் தன் பாதைகளை மறைத்து வாழ்ந்த இராச்சியமாகும். கரையோரத்தைப் போர்த்துக்கேயர் ஆண்டனர். பின்னர் ஒல்லாந்தர் ஆண்டனர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். இம்மூவரும் மலைநாட்டைப் பிடிக்கப் படையெடுத்தார்கள். மூவரும் பலமுறை தோற்றுத் திரும்பினார்கள். 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் அடைந்த தோல்விகளை நாம் பாடசாலைச் சரித்திரத்தில் படித்திருக்கின்றோம். இவ்வெற்றிகளுக்கு வீரம் ஒரு காரணம். வழியின்மை மற்றொரு காரணம். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், முட்கதவு இட்ட கடவைகள், பலனைக் கணவாயின் காவல், மழைக்காலத்தில் பெருகும் மகாவலி ஆகியவை கண்டிக்குக் கோட்டைமதில்களாக விளங்கின. நல்ல தெருவை அமைப்பது பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமானம் என்பதைக் கண்டி மன்னர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆகவே மலைநாட்டிலிருந்து ஒரு கடிதம் வெளியே செல்வது எளிய காரியமன்று. அரசன் அனுப்பும் ஓலை மிகுந்த மரியாதையுடன் பரிவாரங்கள் சூழச் செல்லும். அரசனுக்குத் தெரியாமற் செல்லும் கடிதமோ கொண்டுபோகிறவனின் உயிருக்கே ஆபத்தாகும். 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டபோது, அதன் தலைவன் மேஜர் டேவி சிறைப்பட்டான். அவன் பல ஆண்டுகள் கண்டியிலேயே வாழ்ந்து அங்கேயே மாண்டான். அக்காலத்தில் அவன் இரகசியமாகச் சில கடிதங்களைக் கொழும்புக்கு அனுப்பினான். அவற்றைச் சுமந்து சென்றவர்களின் பெயர்களைச் சரித்திரம் போற்றி வைக்கவில்லை. தபாலின் வரலாற்றில் இது பெரும்பாலும் நிகழ்வது. கடிதம் எழுதியவர் பெயர் நிற்கும். வாங்கியவர் பெயர் நிற்கும். கொண்டு சென்றவர் பெயர் மறையும்.

காலால் ஓடிய தபால்

குதிரைக்கு முன்னர் தபாலைச் சுமந்தவன் ஓட்டக்காரன். ஒருவன் சில மைல் தூரம் ஓடி அடுத்த நிலையத்தில் பையை மற்றொருவனிடம் ஒப்புவிப்பான். அவன் அதற்கப்பால் ஓடுவான். பாரதநாட்டில் இம்முறை மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானிடம் பணிபுரிந்த அராபியப் பயணி இபன் பட்டூட்டா, அங்கே குதிரைத் தபால், கால்நடைத் தபால் என இரண்டு வகை இருந்தமையைக் குறித்துள்ளார். கால்நடைத் தபாலுக்கு மைலுக்கு மூன்று நிலையங்கள் இருந்தனவாம். ஓட்டக்காரன் மணிகள் கட்டிய கோலைக் கையிற் பிடித்து ஓடுவான். மணியொலி கேட்டதும் அடுத்தவன் ஆயத்தமாக எழுந்து நிற்பான். குதிரைத் தபாலைவிடக் கால்நடைத் தபாலே விரைவானதென்று அவர் எழுதியிருப்பது நமக்கு வியப்பளிக்கும். இதே இபன் பட்டூட்டாதான் 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலைக்கும் யாத்திரை செய்தவர்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்திலே 'அஞ்சல்' என்னும் பெயருடன் தனியான தபாற் சேவை நெடுங்காலம் நடந்தது. அதன் ஓட்டக்காரனும் மணி கட்டிய கோலுடன் ஓடினான். வழியில் எதிர்ப்பட்டோர் யாவரும் அவனுக்கு விலகி இடங்கொடுக்க வேண்டும். 1951இல்தான் அந்த அஞ்சல் இந்தியத் தபாற் பகுதியுடன் இணைந்தது. இன்று தமிழில் வழங்கும் அஞ்சல் என்னும் சொல்லைக் கேட்கும்போது இம்மணியொலியும் நம் நினைவுக்கு வருதல் நன்று.

இலங்கையிலும் முதலில் ஓட்டக்காரரே தபாலைச் சுமந்தனர். கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே கடிதம் கொண்டுசெல்லும் ஒழுங்கு இருந்தது. 1815 மார்ச்சு 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் மலைநாடும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னர் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அரசாங்கத்தின் கடிதப் பைகள் ஓடத் தொடங்கின. எழுபத்திரண்டு மைல் தூரம். இடையில் காடு, அட்டை, காட்டு யானை, காய்ச்சல். மழைக்காலத்தில் ஓடைகள் பெருகிவிட்டால் ஓட்டக்காரன் கரையிலே காத்து நிற்க வேண்டியதுதான்.

பார்ன்ஸ் தேசாதிபதியின் பெருந்தெரு

1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லச பகுதிகளில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதை அடக்குவதற்கு ஆங்கிலேயர் மிகுந்த துன்பப்பட்டனர். வழியில்லாத நாட்டை ஆள முடியாதென்பதை அவர்கள் அப்போது உணர்ந்தனர். 1820இல் பதில் தேசாதிபதியாகப் பொறுப்பேற்றவரும், பின்னர் 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்தவருமான சேர் எட்வேட் பார்ன்ஸ், தெரு அமைப்பதையே தம் ஆட்சியின் தலையாய பணியாகக் கொண்டார். படை விரைந்து செல்வதற்காகவே கண்டித் தெரு தொடங்கப்பட்டது. கடிதமும் கோப்பியும் அதன் வழியே பின்னர் வந்தன.

தெருவைத் திட்டமிட்டு நடத்தியவர் கப்டன் டோசன் என்னும் பொறியியற் படை அதிகாரி. அவருடைய காலத்தில் இளைஞராகப் பணியில் இறங்கியவர் தொமஸ் ஸ்கின்னர். பதினாறு வயதளவில் கையில் அனுபவம் எதுவுமின்றித் தெருவேலையைப் பொறுப்பேற்ற அவர், ஐம்பது ஆண்டுகள் இலங்கைத் தெருக்களுக்கே உழைத்து, மேஜர் ஸ்கின்னர் என்று புகழ்பெற்றார். இளமையில் ஒரு பொறுப்பை நம்பிக் கொடுத்தால் இளைஞன் அதற்குத் தக உயர்வான் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டாவார்.

களனி ஆற்றைக் கடக்க 1822இல் தோணிகளை வரிசையாகக் கட்டிய மிதவைப் பாலம் அமைந்தது. 1895இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்படும்வரை அதுவே பயன்பட்டது. பேராதனையில் மகாவலிக்கு மேல் முதிரை மரத்தால் ஒரே வளைவாக 205 அடி அகலத்துக்குப் பாலம் கட்டினர். அதில் ஓர் ஆணியேனும் அறையப்படவில்லை. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை அது நிலைத்து நின்றது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து தெருவைச் செலுத்தினர். மலையைக் குடைந்துகொண்டு வருபவனுக்கே கண்டி வசமாகும் என்றொரு பழங்கூற்று அக்காலத்தில் வழங்கிற்று. கண்டி வசமான பின்னரே மலை குடையப்பட்டதாயினும், மக்கள் அந்தக் கூற்றையும் இந்தக் குகையையும் சேர்த்தே இன்றும் பேசுகின்றனர்.

1829இல் டோசன் இறந்தார். அவர் நினைவாக நண்பர்கள் பணம் சேர்த்து 1832இல் கடுகண்ணாவையில் 125 அடி உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினர். தெருவோரத்தில் இன்றும் நிற்கும் அக்கோபுரத்தை நாம் கண்டிருக்கின்றோம்.

அதே 1832ஆம் ஆண்டில் வேறு இரண்டு காரியங்களும் நிகழ்ந்தன. ஒன்று, இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. நிலத்துக்குப் பதிலாகக் கூலியின்றி உழைக்கவேண்டுமென்ற பழைய முறையை ஆங்கிலேயரும் கைக்கொண்டு, அதன்மூலமே கண்டித் தெருவின் பெரும்பகுதியை வெட்டுவித்தனர். கல்லுடைத்தவரும் மண்சுமந்தவரும் காய்ச்சலால் மடிந்தவரும் இம்மலைநாட்டுச் சிங்கள விவசாயிகள். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்பின்படி அம்முறை நீங்கியது. மற்றொன்று, கொழும்பு - கண்டித் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. தெருவைத் திட்டமிட்டவருக்குக் கோபுரம் கிடைத்தது. தெருவை வெட்டியவருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அவர்கள் பெயருக்கு ஒரு கல்லும் இல்லை.

வண்டி ஓடிய விதம்

தபால் வண்டியின் முழு இரகசியமும் குதிரையை மாற்றுவதிலே இருந்தது. ஒரு குதிரை எவ்வளவு நல்லதாயினும் எழுபத்திரண்டு மைல் தூரம் விரைந்தோட முடியாது. ஆகையால் வழிநெடுக லாயங்கள் அமைத்து, இளைத்த குதிரையை அவிழ்த்துப் புதிய குதிரையைப் பூட்டினார்கள். பயணிகள் இளைப்பாறி உணவருந்த வாடிவீடுகள் தோன்றின. அம்பேபுச வாடிவீடு அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. விடியுமுன் கொழும்பிலிருந்து புறப்படும் வண்டி களனியைக் கடந்து, வேயங்கொடைப் பக்கத்துச் சமவெளியில் ஓடி, அம்பேபுச, கேகாலை, மாவனல்லை வழியாக வந்து, கடுகண்ணாவையின் அடிவாரத்தை அடையும். அங்கிருந்து சுமார் 1,700 அடி உயரமுள்ள கணவாய்க்கு ஏறவேண்டும். இங்கேதான் குதிரைகளுக்குச் சோதனை. உச்சியை அடைந்துவிட்டால் பிலிமத்தலாவை, பேராதனை, கண்டி. பல நாட் பயணம் ஒரே பகலுக்குள் அடங்கியது.

இலங்கை குதிரைக்கு ஏற்ற நாடன்று. வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகா. யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ள நெடுந்தீவில் அந்நியர் ஆட்சியிற் குதிரைப் பண்ணை நடந்தது. ஆங்கிலேயர் தொடக்கக் காலத்தில் லெப்டினன்ட் நோலன் அதனை மேற்பார்த்தார். அந்தக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் வெளிகளிலே காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. ஆயினும் தேவைப்பட்ட குதிரைகளிற் பெரும்பாலானவை வெளிநாடுகளிலிருந்தே கப்பலில் வந்தன. குதிரைக்குப் புல் அறுப்பவரும், கொள்ளு வைப்பவரும், உடன் ஓடுபவருமாகிய குதிரைக்காரர்களுள் தமிழர் பலர். வண்டியில் ஏறியிருந்த துரைமார் தம் பயணத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினர். அதன் பக்கத்தில் ஓடியவன் எழுதவில்லை.

தெருவில் ஆபத்தும் இல்லாமலில்லை. மாவனல்லைக்கு அருகிலுள்ள உத்துவன்கந்தையைத் தன் ஒதுக்கிடமாகக் கொண்டு, இப்பெருந்தெருவிற் செல்வோரைக் கொள்ளையிட்டவன் சரதியல். ஏழைக்கு ஈந்தவன் என்று நாட்டார் கதை அவனைப் புகழும். 1864 மார்ச்சு 21ஆந் திகதி அவனைப் பிடிக்கச் சென்றபோது பொலிஸ் கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்நீத்த முதலாவது பொலிஸ்காரராக அவரை நினைந்து, அந்நாளை இன்றும் பொலிஸ் வீரர் தினமாகக் கொண்டாடுகின்றனர். சரதியலும் அவன் தோழன் மம்மலே மரைக்காரும் அதே ஆண்டு மே 7ஆந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர்.

தபால் வண்டி வந்ததும் கொழும்பு - காலிப் பாதையிலும் 1838இல் அத்தகைய வண்டி ஓடியது. அப்போது ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் காலித் துறைமுகத்தையே அடைந்தன. கப்பல் கொண்டுவந்த செய்தியைக் குதிரை வண்டிக்கு முன்னதாகக் கொழும்புக்குச் சேர்க்க 'ஒப்சேவர்' பத்திரிகையார் 1850ஆம் ஆண்டளவில் புறாக்களைப் பழக்கினர். 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி இடப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. இடையில் 1857 ஏப்ரல் முதலாந் திகதி இலங்கையின் முதல் முத்திரை, ஆறு பென்ஸ் விலையுள்ளது, வெளிவந்தது.

அமெரிக்காவின் குதிரை அஞ்சல்

குதிரைத் தபால் என்றவுடன் உலகினர் நினைப்பது நம் கண்டித் தெருவையன்று. அமெரிக்காவின் 'போனி எக்ஸ்பிரஸ்' சேவையே அவர்கள் நினைவுக்கு வரும். ரசல், மேஜர்ஸ், வடெல் என்னும் மூன்று வணிகர் 1860 ஏப்ரல் 3ஆந் திகதி அதைத் தொடங்கினர். மிசூரி மாநிலத்துச் சென் ஜோசப் நகரிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 1,900 மைல். புல்வெளி, பாலைவனம், பனிமலை யாவற்றையும் கடந்து பத்து நாளிற் கடிதம் சென்று சேர்ந்தது. பத்து, பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாறும். எழுபத்தைந்து முதல் நூறு மைலுக்கு ஒருமுறை ஓட்டுபவன் மாறுவான். நான்கு பைகள் தைத்த தோல்விரிப்பு ஒன்றைச் சேணத்தின்மேல் போட்டு, அதன்மேல் அவன் உட்காருவான். குதிரை மாறும்போது அவ்விரிப்பை மட்டும் தூக்கி மற்றதன் முதுகில் எறிந்துவிட்டுப் பாய்ந்து ஏறுவான். 1861 மார்ச்சில் ஆபிரகாம் லிங்கன் நிகழ்த்திய பதவியேற்புரை ஏழு நாளும் பதினேழு மணித்தியாலமுமாகக் கலிபோர்னியாவை எட்டியது.

அங்கே ஒரு குதிரைக்காரனின் பங்கு ஏறக்குறைய கொழும்பிலிருந்து கண்டிவரையுள்ள தூரமேயாகும். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கர் தெருவின்றிப் புறப்பட்டமையால் சேணத்தின்மேல் கடிதம் சென்றது. இங்கே முதலில் தெரு வெட்டப்பட்டமையால் சில்லின்மேல் சென்றது. ஆகவே அங்கு இருபது இறாத்தல் கடிதம் மட்டும் போயிற்று. இங்கே கடிதத்துடன் பயணிகளும் போயினர்.

ஒற்றுமைகளும் உள. அங்கே குதிரை ஓடிய நிலம் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் நிலம். 1860இல் நெவாடாப் பகுதியில் பயூட் மக்களுடன் போர் மூண்டு சேவை சிலகாலம் தடைப்பட்டது. கண்டித் தெருவைப்போல அதுவும் ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருப்பதற்கான வழியாயிற்று. கட்டணமும் எளியோர்க்கு எட்டாதது. அரை அவுன்சுக்கு முதலில் ஐந்து டாலர் கேட்டனர். இவ்வளவும் கேட்டும் வணிகருக்கு நட்டமே வந்தது. 1861 ஒக்டோபர் 24ஆந் திகதி கிழக்கையும் மேற்கையும் தந்திக் கம்பி இணைத்தது. இரண்டு நாளில் குதிரை அஞ்சல் நிறுத்தப்பட்டதாக அறிவித்தனர். அது வாழ்ந்தது பதினெட்டு மாதமே. அப்பதினெட்டு மாதத்தை அமெரிக்கர் கதையாகவும் படமாகவும் உலகெங்கும் பரப்பினர். முப்பத்தைந்து ஆண்டு ஓடிய கண்டி வண்டியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கதையேனும் சொல்லவில்லை.

புகையிரதம் வந்தபின்

கண்டி வண்டிக்கு முடிவு தேடிவந்தது புகையிரதம். கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, கோப்பி மூடைகளைக் கொழும்புக்கு அனுப்ப மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போதவில்லை. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசவரை தண்டவாளம் வந்தது. 1867இல் கண்டியை எட்டியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் அத்தண்டவாளத்தில் இன்றும் நாம் பயணஞ் செய்கின்றோம். அன்று முதல் கண்டித் தபால் புகையிரதத்தில் ஏறியது. இரவிற் செல்லும் புகையிரதத்தைத் 'தபால் வண்டி' என்று மக்கள் அழைக்கும் வழக்கம் அங்கிருந்தே வந்தது.

எனினும் நாட்டின் பிற பாகங்களில் பழைய முறை உடனே நீங்கிவிடவில்லை. 1905ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லெனாட் வூல்ப் என்னும் இளம் ஆங்கில அதிகாரி யாழ்ப்பாணத்துக்குப் பணியேற்கச் சென்றார். அநுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையே தண்டவாளம் முற்றுப்பெறவில்லை. தபால் வண்டியில் ஏறினார். பெயர்தான் தபால் வண்டி. உள்ளே பார்த்தால் பெரிய மாட்டு வண்டி. கீழே தபாற் பைகள். அப்பைகளின்மேற் படுத்தபடி பயணிகள். பின்னர் கண்டிக் கச்சேரியிலும் பணிபுரிந்த அவர் தம் சுயசரிதையில் இதனைச் சுவைபட எழுதியுள்ளார். அதே ஆண்டு ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் முழுமையாக ஓடியது.

லாயமும் லயமும்

இனி நம்மவரின் கதைக்கு வருவோம். பெருந்தெருவும் தபாலும் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பி பயிரிடுவதற்கு வழி திறந்தன. அத்தோட்டங்களில் வேலைசெய்யத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்தனர். அவர்களுக்குத் தபால் வண்டியுமில்லை, வாடிவீடுமில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே பலரைக் கொண்டுசென்றன. ஒரே காலத்தில் ஒரே மலைக்கு இரு பாதைகள் ஏறின. ஒன்றில் துரையின் கடிதம் புதிய குதிரை பூட்டி ஒரு பகலில் வந்தது. மற்றதில் அவருக்கு உழைக்க வந்தவர் பல நாள் நடந்து வந்தார். குதிரைக்குக் கட்டிய இருப்பிடம் லாயம். மனிதர்க்குக் கட்டிய இருப்பிடம் லயம். இரு சொற்களுக்கும் பிறப்பு வேறெனினும், பழைய லயங்களின் ஒற்றைக் கதவையும் இருண்ட அறையையும் கண்டவர்க்கு இரண்டும் நெடுந்தூரத்தில் இருப்பனவாகத் தோன்றா.

1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டந்தோறும் 'தப்பால்காரன்' என்று ஒருவன் இருந்தான். நாள்தோறும் காலையில் தோட்டத்திலிருந்து இறங்கி, அண்மையிலுள்ள தபாற் கந்தோருக்கு நடந்து, தப்பால் பையைத் தோளிற் போட்டுக்கொண்டு மீண்டும் மலையேறுவான். குதிரையும் புகையிரதமும் வந்தபின்னரும், கடிதத்தின் கடைசி மைல்கள் தமிழனின் வெறுங்காலிலேயே சென்றன. பழைய அஞ்சலோட்டக்காரனின் கடைசி வாரிசு அவனேயாவான்.

அந்தப் பையில் துரைக்குக் கடிதம் இருக்கும். எப்போதாவது தொழிலாளிக்கும் ஒரு கடிதம் இருக்கும். அது கந்தோரிலே பிரிக்கப்பட்டு, கணக்கப்பிள்ளை அல்லது கங்காணி கையாகச் சென்று சேரும். எழுத்தறியாதவர் அதை வாசிக்கவும் பதிலெழுதவும் மற்றொருவரை நாடவேண்டும். ஊரில் தாய் இறந்த செய்தி பல கைகள் மாறி, பல கண்கள் பார்த்த பின்னரே மகனுக்குத் தெரியவரும். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதையும் சட்டம் தடுத்தது. 1920களில் தொழிலாளரின் நிலையை அறிய விரும்பிய கோ. நடேசையர் புடைவை வியாபாரிபோல வேடம் பூண்டே லயங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. சங்கச் செய்தியும் பத்திரிகையும் எவ்வளவு தடைகளைத் தாண்டித் தொழிலாளியை அடைந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து வரும் புகையிரதத்தையும் அக்கப்பலையும் சேர்த்து 'போட் மெயில்' என்று அழைத்தனர். பெயரிலேயே தபால் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. பிறகு இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே 1984 வரை ஓடிய கப்பலிலே மலைநாட்டுக் குடும்பங்கள் பல பிரிந்து சென்றன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்தவர்களைக் கட்டிவைத்தது நீலநிற விமானக் கடிதம் ஒன்றேயாம்.

கடைசி வாசல்

நாம் இவ்வளவும் சொல்லியது பழம்பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. தபாலின் சரித்திரத்தை வேகத்தின் சரித்திரமாகவே பலரும் எழுதுகின்றனர். ஓட்டக்காரனை வண்டி வென்றது, வண்டியைப் புகையிரதம் வென்றது, எல்லாவற்றையும் தந்தி வென்றது என்பர். அது உண்மையே. ஆனால் எழுபத்திரண்டு மைலை ஒரு பகலிற் கடந்த கடிதம், கந்தோர் மேசையில் ஒரு கிழமை கிடந்தால் அவ்வேகத்தாற் பயன் யாது? கடிதம் உரியவரின் வாசலை எட்டும்போதே தபால் தன் கடமையை முடிக்கின்றது.

இக்கடமை நம் மலைநாட்டில் இன்னும் முற்றுப்பெறவில்லை. பல தோட்டங்களில் இன்றும் வீட்டுக்கு இலக்கமில்லை, தெருவுக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது முகவரி. ஒரே பெயருடையோர் பலர் இருப்பின் கடிதம் கை மாறிப் போகின்றது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பல்கலைக்கழக அனுமதி, வங்கிக் கடிதம், வைத்தியசாலைத் திகதி முதலியன நாள் கடந்து வந்து சேர்வதும், சேராமலே போவதும் உண்டு. மின்னஞ்சல் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பர். முத்திரையிட்ட அரச கடிதம் இன்னமும் காகிதத்திலேயே வருகின்றது. அன்றியும், முகவரி என்பது கடிதத்துக்காக மட்டும் வேண்டியதன்று. இந்நாட்டில் இன்ன இடத்தில் இன்னார் வாழ்கின்றார் என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ளும் சான்று அது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு அச்சான்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

புதிய வீட்டுத்திட்டங்கள் சிலவற்றில் வீடுகளுக்கு இலக்கமும் ஒழுங்கைகளுக்குப் பெயரும் வந்துள்ளன. இதனைப் பிற தோட்டங்களுக்கும் விரிக்க இளைஞர்களால் இயலும். தம் பிரிவிலுள்ள லயங்களையும் வீடுகளையும் வரிசையாகக் குறித்து ஒரு பட்டியல் ஆக்குவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அப்பட்டியலுடன் பிரதேச சபையையும் பிரதேச செயலாளரையும் தபாலதிபரையும் அணுகி இலக்கமும் பெயரும் கேட்கலாம். ஒழுங்கைக்குப் பெயர் சூட்டுமிடத்து, பல்லாண்டு பை சுமந்த தப்பால்காரரின் பெயர் எவருக்கேனும் நினைவிருந்தால் அதனையே சூட்டுக.

டோசனுக்குக் கடுகண்ணாவையில் 125 அடிக் கோபுரம் நிற்கின்றது. அது நிற்கட்டும், அவர் செய்த பணி பெரிது. கல் வெட்டிய சிங்கள விவசாயிக்கும், குதிரையோடு ஓடியவனுக்கும், பையைச் சுமந்து மலையேறிய தமிழனுக்கும் கோபுரம் கட்ட நம்மால் இயலாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் வீட்டுக் கதவில் ஓர் இலக்கம் எழுத நம்மால் இயலும். 1832இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட தபால் அந்தக் கதவை எட்டும் நாளிலேதான் கண்டிப் பெருந்தெருவின் வேலை நிறைவெய்தியதாகக் கொள்ளலாம்.